சாய்வு மிதிவண்டியும் நம் சாலைகளும்

மிதிவண்டி என்றதும், சிறிய இருக்கையில் அமர்ந்து, சற்றே முன்குனிந்து, கைகளை ஊன்றியபடி மிதிக்கும் உருவமே நம் நினைவுக்கு வரும். ஆனால், நாற்காலியில் அமர்வதுபோல் முதுகைச் சாய்த்து, கால்களை முன்னே நீட்டி மிதிக்கும் மிதிவண்டியும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உலகில் உண்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நெடும்பயணம் செல்வோர் பலர் அதை நாடுகின்றனர். சாய்வு மிதிவண்டி என்று சொல்லத்தக்க இவ்வண்டி நம் நாட்டில் மிக அரிது.

அரிதான ஒன்றைப் பற்றி இங்கு பேசுவானேன் என்ற கேள்வி எழலாம். நாற்பது வயதைக் கடந்தவர்கள் மிதிவண்டியைக் கைவிடுவதற்குச் சொல்லும் காரணங்களைக் கேட்டுப் பாருங்கள். கழுத்து வலி, இடுப்பு வலி, மணிக்கட்டில் மரத்துப்போதல், இருக்கையின் உறுத்தல் ஆகியவையே பெரும்பாலும் முன்னிற்கும். இவை அனைத்தும் மிதிப்பதால் வருபவை அல்ல. அமரும் முறையால் வருபவை. உடலின் எடை, ஒரு சாண் அளவுள்ள இருக்கையிலும் இரு உள்ளங்கைகளிலும் இறங்குவதே காரணம். சாய்வு மிதிவண்டியில் அந்த எடை முதுகு முழுவதிலும் இடுப்பிலும் பரவி இறங்குகிறது. கழுத்து இயல்பாக நேரே பார்க்கிறது. கைகள் திருப்புவதற்கு மட்டுமே பயன்படுகின்றன. ஆகவே, உடல்நலத்துக்காக மிதிவண்டியை விட்டவர்கள், உடல்நலத்துக்காகவே அதற்குத் திரும்பிவர இது ஒரு வழி.

இதன் வரலாறும் சுவையானது. பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த சார்லஸ் மோஷே வடிவமைத்த சாய்வு மிதிவண்டியில் 1933-ஆம் ஆண்டு பிரான்சிஸ் ஃபோர் என்பவர் ஒரு மணி நேரத்தில் 45.055 கி.மீ. தொலைவைக் கடந்தார். 1914 முதல் நிலைத்திருந்த ஆஸ்கர் எக் என்பவரின் சாதனை (44.247 கி.மீ.) அன்று முறியடிக்கப்பட்டது. ஃபோர் முன்னணி வீரர் அல்லர் என்பதால், வெற்றி பெற்றது வீரரா, வண்டியா என்ற விவாதம் எழுந்தது. சர்வதேச மிதிவண்டி ஒன்றியம் 1934-இல் பந்தய மிதிவண்டிக்கான இலக்கணத்தை வகுத்து, சாய்வு மிதிவண்டியைப் போட்டிகளிலிருந்து விலக்கிவிட்டது. பந்தயத்தில் இடமில்லாத வண்டியைத் தயாரிக்கப் பெரிய நிறுவனங்கள் முன்வரவில்லை. அது பரவாமல் போனதற்கு இந்த விதியும் ஒரு முக்கியக் காரணம்.

அதன் வேகத்தின் ரகசியம் காற்றில் இருக்கிறது. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். சமதளத்தில் மணிக்கு 20 கி.மீ.யைத் தாண்டும்போது, ஓட்டுபவரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதற்கே செலவாகிறது. உடல் தாழ்ந்து சாய்ந்திருந்தால் காற்று மோதும் பரப்பு குறைகிறது. முழுவதும் கூடு போர்த்திய சாய்வு மிதிவண்டி ஒன்றில் கனடாவைச் சேர்ந்த டாட் ரைகெர்ட் 2016-இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் மணிக்கு 144.17 கி.மீ. வேகத்தை எட்டினார். மோட்டார் இல்லை, கால்கள் மட்டுமே.

அந்த வேகம் நமக்குத் தேவையில்லை. திருவள்ளூரை அடுத்த மணவாள நகரில் குடியிருக்கும் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை பூண்டி ஏரிவரை சென்று வர விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு இந்த வண்டி பயன்படுமா என்பதே நம் கேள்வி. பயன்படும். ஆனால், சில அடிப்படைகளை அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, வண்டியின் வகை. இரு சக்கரச் சாய்வு மிதிவண்டி எடை குறைந்தது. நெரிசலில் குறுகிய இடைவெளியில் நுழையும். ஆனால், சமநிலையைப் புதிதாகக் கற்க வேண்டும். மூன்று சக்கர வகையில் சமநிலைக் கவலை இல்லை; எவ்வளவு மெதுவாகவும் செல்லலாம், நின்ற இடத்திலேயே ஓய்வெடுக்கலாம். முதியவர்களுக்கும், சமநிலைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் அதுவே ஏற்றது. ஆனால், அது அகலமானது. இரு சக்கர வண்டி ஒரே தடத்தில் ஓடுவதால் பள்ளத்தை எளிதில் விலக்கலாம். மூன்று சக்கர வண்டி மூன்று தடங்களில் ஓடுவதால், ஒரு சக்கரம் தப்பினால் மற்றொன்று விழும். மிகத் தாழ்ந்த இருக்கை கொண்ட பந்தய வகை நம் சாலைகளுக்கு அறவே ஏற்றதன்று. சாதாரண நாற்காலியின் உயரத்துக்கு நெருக்கமான இருக்கையே நல்லது. கார் ஓட்டுநரின் கண்மட்டத்துக்கு அது ஓரளவு அருகில் இருக்கும்.

அடுத்தது, அளவு பொருத்துதல். முதுகை இருக்கையில் முழுவதும் பதித்து, குதிகாலைப் பெடலில் வைத்து முன்னே தள்ளினால் கால் ஏறத்தாழ நேராக வேண்டும். பின் பாதத்தின் முன்பகுதியைப் பெடலில் வைத்தால் முழங்கால் சிறிதே மடங்கியிருக்கும். அதுவே சரியான அளவு. தொலைவு குறைவாக இருந்தால் முழங்காலின் முன்புறமும், அதிகமாக இருந்தால் பின்புறமும் வலிக்கும். அரை விரற்கடை மாற்றம்கூட நெடும்பயணத்தில் வேறுபாட்டைக் காட்டும். ஆகவே, இருக்கையையோ பெடல் தாங்கியையோ நகர்த்துவதற்கான சாவியை முதல் சில வாரங்கள் கையோடு வைத்திருப்பது நல்லது.

ஓட்டக் கற்பதற்குத் திறந்த மைதானமே சரியான இடம். மிகக் குறைந்த கியரில் வைத்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி, மற்றொரு பெடலை உயர்த்தி வைத்து, உறுதியாக ஒரே தள்ளில் புறப்பட வேண்டும். தயங்கித் தயங்கி மிதித்தால் வண்டி சாயும். வழக்கமான மிதிவண்டியில் தடுமாறும்போது உடலை அசைத்துச் சமன்செய்கிறோம். இங்கே முதுகு இருக்கையோடு பொருந்தியிருப்பதால் அது இயலாது. கைப்பிடியை இறுகப் பற்றி இழுப்பதே புதியவர் செய்யும் பிழை. தோள்களைத் தளர்த்தி, பார்வையைத் தொலைவில் செலுத்தினால் வண்டி தானே நேராகும். ஒரு மாலைப்பொழுதில் ஓட்டத் தெரிந்துவிடலாம்; சாலைக்குக் கொண்டுவர அது போதாது. நெருக்கத்தில் நிறுத்துதல், நின்ற இடத்திலிருந்து புறப்படுதல், ஒரு கையை எடுத்துச் சைகை காட்டுதல் ஆகிய மூன்றும் தடுமாற்றமின்றி வந்த பின்னரே சாலையில் இறங்க வேண்டும்.

கால்களின் தசைகளும் புதிய கோணத்துக்குப் பழக வேண்டும். பல ஆண்டுகள் மிதிவண்டி ஓட்டியவருக்குக்கூட முதல் சில வாரங்கள் தொடை எரியும். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. இந்த வண்டியில் எழுந்து நிற்கவே முடியாது. மாறாக, முதுகை இருக்கையில் முட்டுக்கொடுத்து மிகுந்த விசையுடன் தள்ள முடியும். இதில் ஓர் ஆபத்து உண்டு. கடினமான கியரில் அப்படித் தள்ளினால் அந்த விசை முழுவதும் முழங்காலில் இறங்கும். ஏற்றம் வருமுன்பே கியரைக் குறைத்து, விரைவாகவும் மென்மையாகவும் சுழற்றுவதே முறை. திருவள்ளூர் மாவட்டத்தின் பெரும்பகுதி சமவெளி. இங்குள்ள மேடுகள் பெரும்பாலும் ரயில்வே மேம்பாலங்கள்தாம். அவற்றை மெதுவாக ஏறலாம், அவசரம் வேண்டாம். நிறுத்தத்துக்கு முன்பும் கியரைக் குறைத்துவிட வேண்டும். இல்லையேல் பச்சை விளக்கு எரியும்போது வண்டி நகராது.

மூன்று சக்கர வண்டியில் கவனிக்க வேண்டிய மற்றொன்று கால் நழுவுதல். குலுக்கலில் பாதம் பெடலிலிருந்து தரையில் விழுந்தால், நகரும் வண்டி அக்காலைத் தன் அடியில் இழுத்துக்கொள்ளும். எலும்பு முறியும் அளவுக்குக் காயம் ஏற்படலாம். குதிகாலைத் தாங்கும் பட்டையோ, காலணியைப் பெடலோடு பிணைக்கும் அமைப்போ மூன்று சக்கர வண்டியில் கட்டாயம் இருக்க வேண்டும். இரு சக்கர வண்டியில் கற்கும் காலத்தில் பிணைப்பு இல்லாமல் இருப்பதே நல்லது.

இனி, உயிர் தொடர்பான செய்திக்கு வருவோம். மணவாள நகரில் சென்னை - திருப்பதி நெடுஞ்சாலையோடு ஸ்ரீபெரும்புதூர் சாலை இணைகிறது. ஒருபுறம் காக்களூர் தொழிற்பேட்டை, மறுபுறம் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பூங்காக்கள், வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் என, இந்த மாவட்டத்தின் சாலைகள் சரக்கு லாரிகளுக்கும் தொழிற்சாலைப் பேருந்துகளுக்கும் உரியவையாகிவிட்டன. உயரமான அறையில் அமர்ந்திருக்கும் லாரி ஓட்டுநருக்குத் தம் வண்டியின் மூக்குக்கு நேர் கீழேயும், இடப்பக்கக் கதவை ஒட்டியும் உள்ள பகுதி தெரியாது. நிமிர்ந்து ஓட்டுபவரின் தலையாவது தென்படலாம். சாய்ந்திருப்பவர் அந்த மறைவிடத்தில் முழுவதுமாக மறைந்துவிடுவார்.

எனவே, ஒரு விதியை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். லாரி ஓட்டுநரின் முகமோ, அவரது பக்கக் கண்ணாடியோ உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கு நீங்களும் தெரியவில்லை. நிறுத்தத்தில் கனரக வாகனத்தின் முன்னே சென்று ஒட்டி நிற்கக் கூடாது. அதன் இடப்பக்கமாக முன்னேறவும் கூடாது. பின்னால் காத்திருப்பதே அறிவுடைமை. பின்நோக்குக் கண்ணாடி இல்லாமல் இந்த வண்டியைச் சாலைக்குக் கொண்டுவரக் கூடாது. சாய்ந்த நிலையில் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது கடினம். தரையிலிருந்து ஆறு அடி உயரத்தில் படபடக்கும் வண்ணக் கொடி, பகலிலும் ஒளிரும் பின்விளக்கு, மின்னும் பட்டைகள் ஆகிய மூன்றும் அலங்காரம் அல்ல, காப்பீடு. காலையில் கிழக்கு நோக்கிச் செல்லும்போது, பின்னால் வரும் ஓட்டுநரின் கண்ணிலும் சூரியன் கூசும் என்பதையும் மறக்கக் கூடாது.

பள்ளம் வரும்போது வழக்கமான மிதிவண்டியில் சற்றே எழுந்து அதிர்ச்சியைக் கால்களில் வாங்கிக்கொள்கிறோம். சாய்வு மிதிவண்டியில் அதிர்ச்சி நேராக முதுகுத்தண்டுக்கு வரும். அகலமான டயர்களும், அளவான காற்றழுத்தமும், நிதானமும் மட்டுமே தீர்வு. வேகத்தடைகளை நேர்க்கோட்டில், மெதுவாகக் கடக்க வேண்டும். ரயில் தண்டவாளத்தைச் செங்கோணத்தில் கடக்க வேண்டும். சாலையோர மணலில் முன்சக்கரம் வழுக்கும். அங்கே திருப்பவோ பிரேக்கை இறுக்கவோ கூடாது. ஏற்கெனவே முதுகுத்தண்டில் பாதிப்பு உள்ளவர்கள் மருத்துவரின் ஆலோசனையுடனேயே தொடங்க வேண்டும்.

நாய்களைப் பற்றியும் ஒரு சொல். வண்டி தாழ்ந்தது என்பதால் நாயின் முகமும் நம் தோளும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். ஓடும் பொருளைத் துரத்துவது நாயின் இயல்பு. வேகத்தைக் குறைத்து, உரத்த குரலில் அதட்டினால் பெரும்பாலும் நின்றுவிடும். கடித்துவிட்டால் காயத்தை ஓடும் நீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

நெடும்பயணத்துக்கான ஆயத்தம் தனி. முதுகில் பை மாட்டிக்கொண்டு இதில் அமர முடியாது. இருக்கையின் இருபுறமும் தாழ்வாகத் தொங்கும் பைகளில் சம எடையாகப் பிரித்து வைக்க வேண்டும். எடை எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ, அவ்வளவு நிலைத்தன்மை கூடும். சங்கிலி, சாதாரண மிதிவண்டியினுடையதைப் போல் இரண்டு மூன்று மடங்கு நீளமானது. அறுந்தால் இணைக்கும் கண்ணியும், அதைப் பொருத்தும் கருவியும் தேவை. பிரேக், கியர் கம்பிகளும் நீளமானவை. வழியில் உள்ள கடைகளில் அந்த நீளத்தில் கிடைப்பது கடினம். ஆகவே, உபரியாக ஒன்றை எடுத்துச் செல்ல வேண்டும். 20 அங்குலச் சக்கரம் என்ற ஒரே பெயரில் இரு வேறு அளவுகள் உண்டு. 406 மி.மீ. விளிம்பு கொண்டது நம்மூரில் சிறுவர் மிதிவண்டிகளிலும் மடக்கு மிதிவண்டிகளிலும் பயன்படுவதால், டயரும் ட்யூபும் எளிதில் கிடைக்கும். 451 மி.மீ. அளவை வாங்கிவிட்டால் பஞ்சர் ஆகும் இடமெல்லாம் துன்பமே. வண்டி வாங்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி இது.

வெயிலையும் காற்றையும் கணக்கிட்டுப் புறப்பட வேண்டும். குனிந்து ஓட்டுபவரின் முதுகில் விழும் வெயில், சாய்ந்து ஓட்டுபவரின் முகத்திலும் மார்பிலும் வயிற்றிலும் விழுகிறது. முழுக்கை மேலாடை, தலைக்கவசத்தின் முன் நீட்டிய விளிம்பு, கறுப்புக் கண்ணாடி ஆகியவை தேவை. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் கால் மணிக்கு ஒருமுறை நீர் அருந்த வேண்டும். உப்பிட்ட மோர் அதனினும் நல்லது. கோடையில் இப்பகுதியில் காலையில் மேற்கிலிருந்தும், பிற்பகலில் கடலிலிருந்தும் காற்று வீசுவது வழக்கம். காலையில் கிழக்கே சென்று மாலையில் மேற்கே திரும்பினால் இருவேளையும் காற்று முதுகைத் தள்ளும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில், நீர் தேங்கிய சாலையில் பள்ளம் தெரியாது; அம்மாதங்களில் நெடும்பயணத்தைத் தவிர்க்கலாம். டிசம்பர் இறுதியிலிருந்து பிப்ரவரிவரை மிக உகந்த காலம்.

முதல் பயணத்துக்குத் தொலைதூரம் தேட வேண்டியதில்லை. 1944-இல் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட, சத்தியமூர்த்தியின் பெயர் தாங்கிய பூண்டி நீர்த்தேக்கம் அருகிலேயே இருக்கிறது. அங்கே தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் உண்டு. அதற்கு அப்பால், 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டறிந்த அத்திரம்பாக்கம் இருக்கிறது. அங்குக் கிடைத்த கற்கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் பழைமையானவை என்று 2011-இல் சாந்தி பப்புவும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு கூறியது. மனிதன் தன் உடலுக்கு ஏற்பக் கருவியை வடித்துக்கொண்ட மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றைக் காண, உடலுக்கு ஏற்ப வடித்த வண்டியில் செல்வது பொருத்தம்தானே! பழகிய பின், பெரியபாளையம், பொன்னேரி வழியாகப் பழவேற்காடுவரை ஒரு நாள் பயணத்தைத் திட்டமிடலாம்.

விலை ஒரு தடைதான். இறக்குமதியாகும் வண்டிகள் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாதவை. ஆனால், 1949-இல் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் வழியே மிதிவண்டித் தொழிலுக்குப் பெயர்பெற்ற பகுதி இது. வாகன உதிரிபாகங்களை நுட்பமாகப் பற்றவைக்கும் தொழிலாளர்கள் இங்கே ஆயிரக்கணக்கில் உள்ளனர். இரண்டு பழைய மிதிவண்டிகளும் சில இரும்புக் குழாய்களும் கொண்டு சாய்வு மிதிவண்டி செய்வது உலகெங்கும் நடக்கிறது. நம் பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி மாணவர்களுக்கு இது நல்லதொரு செயல்திட்டமாகும். முன்கவையும் பிரேக் பொருத்தும் இடங்களும் மட்டும் தேர்ந்தவர் கையால் பற்றவைக்கப்பட்டு, பளு ஏற்றிச் சோதிக்கப்பட வேண்டும். அவற்றில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

இவ்வளவும் தனிமனிதர் செய்துகொள்ளத் தக்கவை. ஆனால், கொடியும் கண்ணாடியும் மட்டுமே ஒருவரைக் காத்துவிடுமா? தரையை ஒட்டிச் செல்லும் வண்டிகள் நம் சாலைகளில் ஏற்கெனவே இருக்கின்றன. கையால் சுழற்றி இயக்கும் மூன்று சக்கர வண்டியில் மாற்றுத்திறனாளிகள் நாள்தோறும் இதே நெடுஞ்சாலையோரம் செல்கின்றனர். அமைப்பில் அது சாய்வு மிதிவண்டியின் உடன்பிறப்பே. தமிழக அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டத்தால் பிளஸ் 1 மாணவ, மாணவியர் பல லட்சம் பேர் மிதிவண்டி பெற்றுள்ளனர். அதிகாலைப் பணிமுறைக்கு மிதிவண்டியில் விரையும் தொழிலாளர்களும் உண்டு. லாரி ஓட்டுநரின் மறைவிடம் இவர்கள் அனைவருக்கும் பொது.

சாலையின் தார்ப்பரப்புக்கும் மண்ணோரத்துக்கும் இடையே அரையடிப் பள்ளம் இருந்தால், பொழுதுபோக்காகச் சாய்வு மிதிவண்டி ஓட்டுபவர் வேறு வழியில் போய்விடலாம். பள்ளிக்குச் செல்லும் மாணவியும், கைவண்டியைச் சுழற்றிச் செல்லும் மாற்றுத்திறனாளியும் எங்கே போவார்கள்? வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட மென்மையான வளைவாக இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் வழிகாட்டு நெறி வகுத்துள்ளது. நம் தெருக்களில் அதற்கு மாறாக எழுப்பப்படும் குறுகிய மேடுகள், தாழ்ந்த வண்டிகளின் அடிப்பகுதியை உரசுகின்றன. ஆம்புலன்ஸில் செல்லும் நோயாளியின் முதுகையும் பதம்பார்க்கின்றன.

சாலையைச் சீரமைக்கும் ஒவ்வொரு முறையும் ஓரங்களை மட்டப்படுத்துதல், மழைநீர் வடிகால் மூடிகளைச் சாலை மட்டத்தில் பொருத்துதல், தொழிற்பேட்டை நுழைவாயில்களில் பணிமுறை மாறும் நேரத்திலாவது மிதிவண்டிகளுக்கும் லாரிகளுக்கும் தனித்தனித் தடம் ஒதுக்குதல், கனரக வாகனங்களில் மறைவிடத்தைக் காட்டும் கூடுதல் கண்ணாடியை வலியுறுத்துதல் ஆகியவை பெருஞ்செலவு கேட்பவை அல்ல. நெடுஞ்சாலைத் துறையும் உள்ளாட்சிகளும் தொழிற்சாலை நிர்வாகங்களும் ஒருங்கே அமர்ந்து பேசினால் முடியக்கூடியவையே.

ஒரு சாலை எப்படிப்பட்டது என்பதை அதில் விரையும் காரின் வேகம் காட்டாது. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் அமர்ந்து செல்பவர் அச்சமின்றிப் போய் வர முடிகிறதா என்பதே காட்டும். சாய்வு மிதிவண்டி ஓட்டுபவர்கள் ஒருநாள் மணவாள நகர் சந்திப்பை நிம்மதியாகக் கடப்பார்களானால், அன்று அவர்களைவிட அதிகம் பயன்பெறுபவர்கள், புத்தகப் பையைக் கேரியரில் கட்டிக்கொண்டு பள்ளிக்குச் செல்லும் நம் பிள்ளைகளாகவே இருப்பர்.